மெமரி கார்டில் க.வின் பெயர்

மே 6, செவ்வாய்
காலையிலேயே அனல். கொட்டாம்பட்டிக்கு விசிட். எங்கள் எச்.ஐ.வி. மையத்தில் மாத்திரை வாங்கும் க. (பெயர் இங்கேயும் வேண்டாம்) என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். மாமியார் அவளுக்குத் தட்டும் தம்ளரும் தனியாக வைத்துவிட்டாராம். ஊருக்கே தெரிந்துவிட்டது.
"டெஸ்டு எடுத்தது உங்களுக்குத்தேன் தெரியும். வேற யாரு சொல்லியிருப்பாக, அக்கா?"

ஜீப் ஓட்டும் செல்வம் அந்தப் பக்கத்து ஆள். திரும்பும் வழி முழுக்க அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மே 7, புதன்
டீக்கடையில் யாரிடமோ செல்வம் பேச்சு. என்னைக் கண்டதும் நிறுத்தினான். சுற்றி வளைத்துக் கேட்டேன். புரிந்துகொண்டான். யார் வீட்டுக்குள் நான் போகிறேன் என்று திரும்பிப் பார்த்ததுகூட இல்லையாம். நம்பவில்லை.
வாங்க வேண்டியது: அரிசி, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

மே 8, வியாழன்
குளிக்கும்போது நினைவு வந்தது. நோயாளிகள் விவரம் பதிய ஆபீசில் கொடுத்த செல்போன். போன மாதம் திரை போய், சிம்மக்கல் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தது. ஆனால் ரகசிய எண் போட்டால்தானே புரோகிராம் திறக்கும்?
அந்தப் புரோகிராமை எழுதிய ரமேஷிடம் கேட்டேன். மெமரி கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டு, நோட்பேடில் திறந்தான். க.வின் பெயர், ஊர், மாத்திரை, எல்லாம் அப்படியே. எந்த எண்ணும் கேட்கவில்லை. ரமேஷின் முகம் வெளுத்துவிட்டது.

மே 9, வெள்ளி
சிம்மக்கல். கடைக்காரர் மறைக்கவில்லை. பாட்டு, போட்டோ அழியாமலிருக்க எல்லார் கார்டையும் காப்பி எடுத்து வைப்பாராம்.
"கொட்டாம்பட்டி எங்க மாமனார் ஊரு, அக்கா. தெரிஞ்ச பேரா இருக்கேன்னு படிச்சேன். வீட்ல மட்டுந்தேன் சொன்னேன்."
வீட்டில் மட்டும்.
என் கண்ணெதிரே அழித்தார். வேறு காப்பி இல்லை என்று சத்தியம். யார் கண்டது? 
செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினான். ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டான்.

மே 13, செவ்வாய்
தூறல். ரமேஷ் மாற்றிக் கொடுத்தான். பழையதும் இனிப் பதிவதும் குழம்பிய எழுத்தாக மாறித்தான் கார்டில் இருக்கும். பாஸ்வேர்டு போனில் எங்கும் இருக்காது, என் தலையில் மட்டும். மறந்தால் அவனாலும் எடுக்க முடியாதாம். அவன் போனபின் நானே நோட்பேடில் திறந்து பார்த்தேன். இரண்டு தடவை.

மே 16, வெள்ளி
க. மையத்துக்கு மாத்திரை வாங்க வந்தாள். இப்போது தன் அம்மா வீட்டில் இருக்கிறாளாம். நடந்ததைச் சொன்னேன். தன் பெயரை அழிக்கச் சொன்னாள். கார்டைப் போட்டுக் காட்டினேன். திரை முழுக்கக் கிறுக்கல்.
"இதுல நான் எங்க இருக்கேன், அக்கா?"
"எனக்கே தெரியலம்மா."
மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தாள். "அப்ப இருக்கட்டும்."
மாத்திரை டப்பாவில் மருந்தின் பெயரோடு ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டிக் கிழித்துவிட்டுத்தான் வெளியே போனாள்.