முட்டுக்கட்டை

அன்பு நண்பா,

நீ சிலிக்குப் போன பிறகு இது மூன்றாவது கார்னிவல் திருவிழா. செவ்வாயன்று நகராட்சிப் பட்டறையில் எல்லா வண்டிக்கும் காகிதத் தோரணம் கட்டி, வழக்கப்படி பூமித்தாய்க்கென்று சக்கரங்களில் பீர் ஊற்றினோம். மண் அள்ளும் நம் பழைய லோடரில் நீ மாட்டிய பம்ப் இன்னும் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

என் இடது கால் கொஞ்சம் இழுக்கிறது, அவ்வளவுதான். அன்று லோடரின் எண்ணெய்க் குழாய் வெடித்து, தூக்கி நின்ற இரும்பு வாளி என் மேல் இறங்கியபோது நீ என்னை இழுக்காவிட்டால் என் மகளுக்கு அப்பன் இல்லை.

பீர் ஊற்றும்போது மேஸ்திரி எலிசியோ சிரித்தார்: "லிவரைத் தட்டிவிட்ட அந்தத் தூங்குமூஞ்சி ஒழிஞ்சான், வண்டிக்கு நல்ல காலம்!"

ஈரக்கையோடு நின்ற என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"லிவரை யாரும் தொடல, மேஸ்திரி. தூக்கின வாளிக்கு முட்டுக்கட்டை வைக்காம அடியில புகுந்தவன் நான்தான். 'உனக்குப் பிள்ளை இருக்கு, நீ வாயைத் திறக்காதே'ன்னு அவன் தானே லிவரைத் தட்டினதா சொல்லிப் பழியை ஏத்துக்கிட்டு வேலையை இழந்தான்."

 அவர் மிச்ச பீரை லோடரின் சக்கரத்தில் ஊற்றி, "இது அவனுக்கு" என்றார்.

திங்கள் முதல் எனக்கு அங்கே வேலை இல்லை, என் இடம் காலி. உன்னைத் திரும்ப அழைக்க மேஸ்திரி உன் விலாசம் கேட்டார். கொடுத்துவிட்டேன். வந்துவிடு.

உன்னால் நடமாடுகிறவன்