பெயர் விட்டுப்போன பீஸ்

ஜூன் 12, வியாழன்
காலையிலிருந்து காற்று. மழை இல்லை. இரண்டாம் வருடம் தொடக்கம். ரெக்கார்டு நோட் இன்னும் வாங்கவில்லை.
சீனியர் பிரவீண் அண்ணன் கேன்டீனில் கூப்பிட்டார். அவர்கள் செட்டில் வருடத்துக்கு ஒருவனைத்தான் சேர்ப்பார்கள். இந்த முறை நானாம். சேர்கிறவன் எல்லோருக்கும் டீ ஷர்ட் தைத்து வரவேண்டும், முதுகில் அவரவர் பெயரோடு. "உன் கூடவே சுத்தறானே, அவன் வேண்டாம்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.
போன மாதம்தான் ஜெபாவிடம் சொன்னேன், சேர்ந்தால் இரண்டு பேரும், இல்லாவிட்டால் யாருமே வேண்டாம் என்று. ஒரு வருடமாக ஒரே பெஞ்ச்.

ஜூன் 13, வெள்ளி
அப்பாவுக்கு ஒரே குஷி. பிரவீண் அண்ணனின் அப்பா பனியன் எக்ஸ்போர்ட்டர். மண்ணரையில் எங்கள் தையல் யூனிட் ஓடுவதே அப்படிப்பட்டவர்கள் தரும் ஜாப் ஒர்க்கில். "நல்ல சகவாசம் கண்ணு, உட்றாத." உடனே கட்டிங். டேமேஜ் ஆனால் மாற்ற, வழக்கம்போல ஒரு பீஸ் எக்ஸ்ட்ரா.
தைக்கக் கொடுத்தால் சேர்ந்ததாக அர்த்தமா? இன்னும் முடிவு செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.
ஜெ. போன் செய்தான். எடுக்கவில்லை.

ஜூன் 14, சனி
பல்வலி. பிரிண்டிங் முடிந்து வந்தாயிற்று. எங்கள் செக்கிங்கில் இருப்பது ஜெ.வின் அம்மா. தெரிந்தும் இங்கேயே தைக்கக் கொடுத்தேன், என்ன புத்தியோ. பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவர் எக்ஸ்ட்ரா பீஸைத் தனியே எடுத்து வைத்திருந்தார். "எங்க ஜெபா பேரு விட்டுப்போச்சே தம்பி. பிரிண்டிங்ல போடச் சொல்லட்டுமா?"
அது உபரி என்று சொல்லியிருக்கலாம். "சொல்லுங்கக்கா" என்றேன். கோழை.

ஜூன் 16, திங்கள்
மேகமூட்டம். ஜெ. அந்த டீ ஷர்ட்டோடு பஸ் ஸ்டாப்பில். தோளில் கை போட்டான். "போன் எடுக்கலேன்னதும் என்னைக் கழட்டி விட்டுட்டியோன்னு நெனச்சேன்டா. ஸாரி." அவன் என்னிடம் ஸாரி கேட்கிறான்.
கேன்டீனில் பிரவீண் அண்ணன் அவன் முதுகைப் பார்த்தார். பிறகு என்னை. "பிரிண்டிங்ல தப்பாயிடுச்சுங்கண்ணா" என்றேன். ஜெ. பக்கத்திலேயே நின்றிருந்தான். மதியத்துக்கு மேல் டீ ஷர்ட்டை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டு, எங்கள் பெஞ்சை விட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.


ஜூன் 17, செவ்வாய்
ரெக்கார்டு நோட் வாங்கினேன். செட்டோடு போட்டோ, நான் ஓரத்தில். ஜெ. வரவில்லை.
சாயந்திரம் யூனிட்டில் அவன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு பேருக்கும் அளவு சரியா இருந்துச்சா தம்பி?"
சரியா இருந்துச்சுங்கக்கா என்றேன்.