தீயணைப்புக்காரர்களோடு ஆடாத ஆட்டம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் உடம்புக்கு நலம், மனசுக்கு எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்கிற நினைப்பில்தான் என் பொழுது போகிறது. பல் முளைக்கிற சமயத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது சகஜம், அதற்காக வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்காராதே. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் வீடே காது வைத்துக் கேட்கிறது. உங்கப்பா பேப்பர் படிக்கிற மாதிரி, உன் தம்பி ஷூ துடைக்கிற மாதிரி, அவன் பெண்டாட்டி துணி மடிக்கிற மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். நானும் எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். போன வாரம் குரல் சரியில்லையே என்று கேட்டாய், சளி என்றேன். சளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

விஷயம் இதுதான். கால்பந்து மைதானத்தை மூடிவிட்டார்கள். கேலரித் தூண் ஒன்றில் விரிசல் விட்டிருக்கிறது, இன்ஜினியர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார், கேட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. இருப்பதே அந்த ஒரு மைதானம். லீக் பாதியில் நின்றுபோனது. ரிட்டயர் ஆனதிலிருந்து உங்கப்பா அந்த லீக் செயலாளர் பதவியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார் என்பது உனக்குத் தெரியும். வருஷா வருஷம் முதல் டிவிஷனில் கடைசியாக வருகிற அணி கீழே இறங்க வேண்டும், இரண்டாம் டிவிஷனில் முதலில் வருகிற அணி மேலே ஏற வேண்டும். எல்லா ஆட்டமும் முடிந்தால் பட்டியலைப் பார்த்து ஏற்றி இறக்கிவிடலாம். பாதியில் நின்றால் யார் கடைசி, யார் முதல் என்று யார் சொல்வது? எனக்கு இந்த வம்பெல்லாம் தேவையா சொல். உங்கப்பா பருப்பு டப்பாவையும் உப்பு டப்பாவையும் அணிகளாக வைத்து எனக்கு விளக்கம் சொன்னதில் இப்போது உங்கள் ஊர் லீக்கைக்கூட நான் நடத்துவேன்.

கீழே இறங்குகிற இடத்தில் நிற்பது யார் தெரியுமா? நம் தம்பி கேப்டனாக இருக்கிற மில் அணி. அவர்களுக்கு மேலே ஒரே ஒரு பாயிண்ட் கூடுதலாக ரயில்வே அணி. ஆனால் மில் அணி ஓர் ஆட்டம் குறைவாக ஆடியிருக்கிறது, அங்கேதான் வந்தது வினை. அந்த ஓர் ஆட்டம் தீயணைப்பு நிலைய அணியோடு ஆட வேண்டியது. அன்றைக்கு இரண்டு அணியும் மைதானத்துக்கு வந்து ஜெர்சி மாட்டி ஓடிப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார்கள், அட்டைப்பெட்டி கோடவுனில் தீ என்று தகவல் வந்ததும் தீயணைப்புக்காரர்கள் ஜெர்சியோடு வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். விதிப்படி மைதானத்தை விட்டுப் போன அணி தோற்றதாகக் கணக்கு, நம் அணிக்கு உட்கார்ந்த இடத்தில் மூன்று பாயிண்ட். அங்கே இருந்த கமிட்டிக்காரரும் வாங்கிக்கொள்ளத்தான் சொல்லியிருக்கிறார். தம்பிதான், தீ அணைக்கப் போனவங்களைப் போய்த் தோத்துட்டாங்கன்னு எழுதாதீங்க சார், வேற ஒரு நாள் ஆடிக்கறோம், என்று சொல்லிவிட்டு வந்தான். அன்றைக்கு உங்கப்பா சாப்பிடும்போது தானாகச் சிரித்துக்கொண்டார். இந்த மனுஷர் சாப்பாட்டு நேரத்தில் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்த வேற ஒரு நாள் வருவதற்குள் தூணில் விரிசல் விட்டுவிட்டது.

கால்பந்துதானே, இறங்கினால் அடுத்த வருஷம் ஏறிக்கொள்ளட்டும் என்று நீ நினைக்கலாம், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தம்பிக்கு மில்லில் வேலை கொடுத்ததே கோல்கீப்பர் என்பதற்காக. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, அடுத்த வருஷம் ஆகும் என்று வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். முதல் டிவிஷனில் இருக்கிற வரைக்கும்தான் அணி, இறங்கினால் கலைத்துவிடுவோம் என்று மேனேஜர் முன்பே சொல்லி வைத்திருக்கிறார். அணி இல்லை என்றால் கோல்கீப்பர் எதற்கு? அவன் பெண்டாட்டி வேறு இப்போது மாசமாக இருக்கிறாள். இதை அவளே உனக்குப் போனில் சொல்ல ஆசைப்பட்டாள், நான் முந்திக்கொண்டேன், தெரியாத மாதிரியே கேட்டுக்கொள்.

லீக் ஆபீஸ் அந்தக் கேலரிக்கு அடியில்தான் இருந்தது, அதனால் கமிட்டிக் கூட்டம் நம் வீட்டு ஹாலில் நடந்தது. மூன்றே பேர். தலைவர் மருந்துக்கடைக்காரர், அப்புறம் ரெஃப்ரியாக இருந்து ரிட்டயர் ஆனாரே எல்லாரும் விசில் என்று கூப்பிடுகிறவர், மூன்றாவது உங்கப்பா. மருந்துக்கடைக்காரர் முதலில், இந்த வருஷம் யாரும் ஏறவும் வேணாம் இறங்கவும் வேணாம், என்று ஆரம்பித்தார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உங்கப்பாவே அதைக் கெடுத்தார். இரண்டாம் டிவிஷனில் மார்க்கெட் அணி எல்லாரையும் தூக்கி அடித்துவிட்டு முதலில் நிற்கிறதாம், அந்தப் பையன்கள் விடியற்காலையில் மூட்டை தூக்கிவிட்டு வந்து ஆடினவர்களாம், அவர்கள் வயிற்றில் அடிக்கக்கூடாதாம். நியாயம்தான், யார் இல்லை என்றது. ஒருத்தர் ஏறினால் ஒருத்தர் இறங்கியாக வேண்டும். அதற்கு இரண்டு வழி. பட்டியல் இப்போது இருக்கிற மாதிரியே எடுத்துக்கொண்டால் மில் அணி இறங்கும். இல்லாவிட்டால் யார் எத்தனை ஆட்டம் ஆடினார்களோ அந்த எண்ணிக்கையால் பாயிண்ட்டை வகுத்துப் பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தால் மயிரிழையில் மில் அணி மேலே, ரயில்வே அணி கீழே.

இந்த இடத்தில் உங்கப்பா என்ன செய்தார் தெரியுமா? பெத்த பிள்ளை ஆடுற அணி, இதுல நான் உட்காரக்கூடாது, நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க, என்று எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டார். என் காதில் மெதுவாக, ரெண்டு பேரும் வகுத்துத்தான் பார்ப்பாங்க, நான் அங்க இருந்தா அப்பாதான் காப்பாத்தினார்னு பிள்ளைக்குக் கெட்ட பேரு வரும், என்றார். மருந்துக்கடைக்காரர் அப்படியே வகுத்துப் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். விசில் மாட்டேன் என்றுவிட்டார். அன்றைக்கு மைதானத்தில் பாயிண்ட்டை வாங்கிக்கொள்ளச் சொன்ன கமிட்டிக்காரர் அவர்தான். அன்னிக்கு நான் கூப்பிட்டுக் கொடுத்தேன், வேணாம்னாங்க, வேணாம்னதை இன்னிக்கு வகுத்தல் கணக்குப் போட்டுக் கொடுக்க எனக்குத் தெரியலை, ஆடினதுதான் ஆட்டம், என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உங்கப்பா ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார், அது நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்.

ஆளுக்கொரு பக்கம் நின்றால் செயலாளர் சொல்வதுதான் முடிவாம், செயலாளரும் சொல்லாவிட்டால் பட்டியல் இருக்கிறபடியே நிற்குமாம். மருந்துக்கடைக்காரர் ஹாலிலிருந்து, ஐயா வாங்க, நீங்கதான் சொல்லணும், என்று கூப்பிட்டார். நான் முழங்கையைப் பிடித்துத் தள்ளினேன். போங்க, ஒரே ஒரு வார்த்தை, என்றேன். நான் வெளியே வந்துட்டேன், என்றார். வெளியேயாவது உள்ளேயாவது, இது நம்ம வீட்டுச் சமையலறைங்க, என்றேன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சமையலறை வாசற்படியிலேயே நின்றுகொண்டு, எழுந்து போனவன் திரும்ப வந்து உட்காரக்கூடாது, விதி என்ன சொல்லுதோ அப்படியே செய்ங்க, என்று சொல்லிவிட்டார். மருந்துக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். போகும்போது விசில் என்னிடம் வந்து மன்னிச்சுக்கம்மா என்றார். அவரை நான் என்னவென்று திட்டுவது? நான் போட்ட டீ மூன்று டம்ளரிலும் அப்படியே ஆறிக் கிடந்தது.

உங்கப்பாவை உனக்குத்தான் தெரியுமே, அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தபோது நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அனுப்பி வைத்த மகானுபாவர். அதைச் சொல்லிச் சொல்லி நாம் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம். இப்போது சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒன்று, அவர் அன்றைக்கு உள்ளே போய் வகுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால் ஊர் என்ன பேசியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியும் யோசிக்கிறேன், இப்படியும் யோசிக்கிறேன், அரிசி களைகிற தண்ணீர் நிரம்பி வழிகிறது, குழாயை மூட மறந்துவிடுகிறேன்.

தம்பி ஷிஃப்ட் முடிந்து வந்தான். வருவதற்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே, நீங்க என்னப்பா சொன்னீங்க, என்று மட்டும் கேட்டான். நான் ஒண்ணும் சொல்லலை, என்றார் இவர். சரிப்பா என்று குளிக்கப் போய்விட்டான். சண்டை போட்டிருந்தால் நான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அதற்கும் வழியில்லை. மருமகள்தான் கறிகாய் நறுக்கிக்கொண்டே, மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அத்தை, என்றாள். நான் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாளே தீயணைப்பு அணிக் கேப்டன் யூனிஃபார்மோடு வந்து நின்றார். அந்த ஆட்டத்தை எங்கே வேண்டுமானாலும் ஆடுகிறோம், ரோட்டில் ஆடச் சொன்னாலும் ஆடுகிறோம், என்று உங்கப்பாவைக் கெஞ்சினார். லீக் முடிஞ்சுது தம்பி என்றார் இவர். அந்தப் பெரிய உடம்புக்காரர் நம் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் போன சூடு ஆறவில்லை, மார்க்கெட் அணிப் பையன்கள் இனிப்பு டப்பாவோடு செயலாளருக்கு நன்றி சொல்ல வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தது நம் தம்பி. அவனைப் பார்த்ததும் பையன்களுக்கு முகம் செத்துப்போயிற்று. இவனோ ஒவ்வொருத்தருக்கும் கை கொடுத்து, உட்கார வைத்து, தண்ணீர் கொண்டு வந்து கொடுத்து, முதல் டிவிஷனில் எந்த அணியில் யார் எந்தக் காலால் அடிப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்து அனுப்பினான். இவனைப் பெற்றதற்கு நான் சந்தோஷப்படுவதா, அழுவதா, நீயே சொல். உங்கப்பா உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இனிப்பு டப்பாவை யாரும் திறக்கவில்லை, எறும்பு வந்த பிறகு நான்தான் எடுத்து வெளியே வைத்தேன்.

மில்லில் சொன்னபடியே செய்துவிட்டார்கள். இந்த மாசத்தோடு வேலை முடிகிறது. மேனேஜர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாராம். தம்பி தினமும் ஷிஃப்டுக்குக் கிளம்புகிற அதே நேரத்துக்குச் சட்டையைத் தேய்க்கிறான், உங்கப்பாவின் சட்டையையும் சேர்த்தே தேய்த்து மாட்டுகிறான், அவரோடு பேச்சு மட்டும் இல்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது, உப்பு கேட்டால் எடுத்துத் தருகிறான். உங்கப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. அடுத்த வருஷத்துக்கு இரண்டாம் டிவிஷன் அணிகளை எழுத உட்கார்ந்தார், மில் அணி பெயர் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டுப் பேனா சரியில்லை என்று எழுந்து போய்விட்டார். கலைத்துவிட்ட அணியை எழுதுவதா வேண்டாமா என்று அவருக்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? எனக்குக் கோபம் யார் மேல் என்றே பிடிபடவில்லை. தூணின் மேல் கோபப்பட முடியுமா?

இனி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நேற்று தம்பி என்னிடம் வந்து, அம்மா, அக்கா ஊர்ல எனக்கு ஏதாவது வேலை கிடைக்குமான்னு கேட்டு எழுதேன், எந்த வேலைன்னாலும் சரி, என்றான். போனில் கேட்டால் அக்கா பாவம், உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றான். உங்கப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார், செருமினது எனக்குக் கேட்டது. பிரசவம் ஆனதும் இவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்கிறான். நீ போன அன்றைக்கு வாசலில் நின்று, ஒருத்தி போனால் என்ன, இன்னொருத்தன் இருக்கிறானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இப்போது என்ன சொல்லித் தேற்றிக்கொள்வேன்? போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, போ என்று சொல்ல மனசு இல்லை. அவன் கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டேன். மாப்பிள்ளையிடமும் சொல், விசாரித்துப் பார்க்கட்டும், உண்மையிலேயே வேலை இருந்தால் இருக்கிறது என்றே எழுது, என்னை நினைத்துக்கொண்டு இல்லை என்று எழுதிவிடாதே.

குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, பேத்தியின் காதை மூடி வெளியே கூட்டிப் போ, நீயும் காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உங்கப்பாவின் ஆசியும் உண்டு, அவர் சொல்லவில்லை, நானே அவருக்காக எழுதுகிறேன். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. வேலை பற்றிய பதிலை என் பெயருக்குப் போடாதே, தம்பி பெயருக்கே போடு. என் கைக்கு வந்தால் அதை அவனிடம் கொடுப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா