சட்டம்பியார் மாற்றி எழுதியது

புங்குடுதீவு
14.09.2025

அன்பு மகன் சிவகரனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மருமகளும் குழந்தையும் அந்தக் குளிர் ஊரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நயினை அம்மாளை இன்று காலையும் கும்பிட்டேன். கும்பிட்டபோது கோபம் இருக்கவில்லை. இனி எழுதப் போவதில் இருக்கிறது, ஆகவே கதிரையில் இருந்து ஆறுதலாக வாசி. ஏன் கடிதம் என்று நினைப்பாய். வட்சப்பில் எழுதினால் வேலைக்கிடையில் பார்த்து, கட்டைவிரலால் ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். போனில் பேசினால் என் குரல் உயர்ந்தவுடன் பிரசரைப் பற்றிக் கேட்டுக் கதையை மாற்றுவாய். கடிதத்தில் அது முடியாது. பிரசர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன், முழங்கால் பழையபடிதான், குசினிப் பக்கத்து ஓடுகளை மாரிக்கு முன் மாற்ற வேண்டும். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

நீ செய்துவிட்ட அந்தப் பதில் சொல்லும் மிசினைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன வருடம் நீ கேட்டபடி உன் அப்பாவின் பூட்டனார், அந்தக் காலத்தில் ஊருக்கே வாத்தியாராக இருந்த முத்துவேற் சட்டம்பியார் அச்சிட்ட நான்கு வினாவிடைப் புத்தகங்களையும் அலுமாரியிலிருந்து எடுத்து, யன்னலோரம் வைத்து, ஒவ்வொரு பக்கமாக போனில் படம் பிடித்து அனுப்பியவள் நான். மூன்று கிழமை பிடித்தது. தாளைத் தொட்டால் உதிரும் என்று சோற்றுக் கரண்டியின் பிடியால் புரட்டினேன். அப்போதே உனக்குச் சொன்னேன், கறுப்பு மட்டை போட்ட ஒரு கொப்பியும் இருக்கிறது, கடைசிக் காலத்தில் அவர் தன் கையால் எழுதியது என்று. நீ என்ன சொன்னாய்? "அம்மா, கையெழுத்து மிசினுக்கு வடிவா விளங்காது, அதை விடுங்கோ, அச்சுப் புத்தகம் காணும்" என்றாய். நானும் விட்டுவிட்டேன். அது என் பிழை, அதை ஒத்துக்கொள்கிறேன். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள், கடைசிப் பாடத்தை விட்டுவிட்டுப் புத்தகத்தை மூடலாமா?

திருவிழாவின்போது நீ அங்கிருந்து திரையில் வந்து, சட்டம்பியாரைப் போலவே நியாயம் பிரித்துப் பதில் சொல்லும் செயற்கை அறிவு என்று அதைச் சனத்துக்குக் காட்டியபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நானும் ஒரு பாட்டுக்குப் பொருள் கேட்டேன், நன்றாகவே சொன்னது. பிறகு பார்த்தால் ஆளாளுக்குப் போனை எடுத்துக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மாடு ஏன் தீன் தின்னவில்லை என்றும் கேட்டார்கள், மருமகளை எப்படி அடக்குவது என்றும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் முதலாவது இது, இரண்டாவது இது, ஆகையால் இது என்று பதில் வந்தது. ஒருவரும் அதை மிசின் என்று சொல்லவில்லை. "சட்டம்பியாரைக் கேட்டனான்" என்றுதான் சொன்னார்கள். அது என் காதில் விழுந்த நாளே நான் உனக்கு எழுதியிருக்க வேண்டும்.

இந்த வருடம் இடைமழை ஒன்றும் பெய்யவில்லை. எங்கள் கிணறுகளெல்லாம் உவர், உனக்குத் தெரியும். குறிச்சியில் நல்ல தண்ணீர் என்றால் கோயில் கிணறு ஒன்றுதான். அந்தக் கிணற்றில் ஒரு காலத்தில் யார் அள்ளலாம், யார் கிட்டவும் வரக்கூடாது என்று இருந்தது. சண்டைக்குள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கிணற்றுக்குள் மரம் முளைத்திருந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டி உள்ளே இறங்கி, எட்டு நாள் நின்று அதைத் துப்புரவாக்கியவர் ஜதுர்சனின் தகப்பன். ஜதுர்சனை ஞாபகம் இருக்கும், உனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவன், இப்போது குறிகட்டுவானில் படகில் வேலை செய்கிறான். அன்றிலிருந்து எல்லோரும்தான் அள்ளினோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த ஆவணியில் தண்ணீர் அடியில் போனதும் கோயில் தலைவர் கனகசபையருக்குப் பழைய காலம் நினைவுக்கு வந்துவிட்டது. தானாகச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. கூட்டத்தில் போனை எடுத்து, இந்தக் கிணற்றில் யார் யார் அள்ளலாம் என்று உன் மிசினைக் கேட்டார். அது சொன்னது: கோயிற் கிணறு பூசைக்கு உரியது, பூசைக்கு உரியது ஆசாரம் உடையோர்க்கே உரியது, ஆகையால் மற்றையோர் அதனை அணுகலாகாது. சட்டம்பியாரின் இரண்டாவது புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. 1886இல் எழுதியது. கனகசபையர் போனைத் தூக்கிப் பிடித்து, "நான் சொல்லேல்லை, சட்டம்பியாரே சொல்லிப்போட்டார்" என்றார். அடுத்த நாள் கிணற்றுக்குக் கம்பி வலை போட்டுப் பூட்டுப் போட்டார்கள். அந்தப் பூட்டின் திறப்பு எந்தெந்த வீட்டுக்கு என்று ஒரு பட்டியல். எங்கள் வீடு அதில் இருந்தது, ஜதுர்சன் வீடு இல்லை.

நான் வீட்டுக்கு வந்து கறுப்புக் கொப்பியை எடுத்தேன். உன் அப்பா இருக்கும்போது ஒருமுறை எனக்கு வாசித்துக் காட்டியது, முழுவதும் மனதில் நிற்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்து இரண்டு பகல் வாசித்தேன். 1897இல் எழுதியிருக்கிறார். பேதி வந்த ஒரு வருடம் வள்ளி என்று ஒருத்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கிணற்றடிக்கு வந்து தண்ணீர் கேட்டிருக்கிறாள். கையை நீட்டி மறித்தவர் வேறு யாரும் இல்லை, இவர்தான். தன் புத்தகத்தில் உள்ள நியாயத்தையே அவளுக்கும் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் பிள்ளை செத்துப்போனது. அதற்குப் பிறகு அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "என் வீட்டுப் பழக்கத்தையே விதி என்று எழுதினேன். பழக்கத்துக்கு நியாயம் தேடினேன். தேடியவனுக்கு அகப்பட்டது. அகப்பட்டதை அறிவென்று நம்பியதே என் குற்றம். இரண்டாம் புத்தகத்தை வாசிப்போர் அதனை நான் மறுத்தேன் என்று அறியக்கடவர்." அதன் பிறகு சாகும்வரை காலையும் மாலையும் கிணற்றடியில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் தானே அள்ளி ஊற்றினாராம். குடும்பத்தில் அதை மூளை தளம்பினது என்று சொல்லி மறைத்திருக்கிறார்கள். நாங்களும் அந்தக் குடும்பம்தான் மகன்.

போன ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கூடியபோது கொப்பியைக் கொண்டுபோனேன். பெண்கள் கூட்டத்தில் பேசுவதில்லை, நான் எழும்பி நின்று வாசித்தேன். கனகசபையர் கடைசிவரை கேட்டுவிட்டு, "ரீச்சர், அது வயசு போய் மனம் தளம்பேக்கை எழுதினது. உங்கடை மகன் படிச்ச பிள்ளை, சட்டம்பியாரின்ரை சரியான புத்தியைத்தான் மிசினுக்குள்ளை வைச்சிருக்கிறார்" என்றார். பிறகு எனக்கு உதவி செய்வதுபோல, மிசினையே கேட்போம் என்றார். கேட்டார். நீர் அந்தக் கருத்தைப் பிறகு மறுத்து எழுதினீரோ என்று. அது ஒரு நொடியும் தயங்கவில்லை. "அவ்வாறு யான் எங்கும் எழுதியதில்லை. என் கருத்து மாறவில்லை" என்றது. சட்டம்பியாரின் கையெழுத்து என் கையில் இருக்கிறது, அதில் அவர் பட்ட வெட்கம் இருக்கிறது, அவருடைய பெயரை வைத்துக்கொண்டு ஒரு போன் அதைப் பொய் என்கிறது. பின்னால் இருந்து யாரோ சிரித்தார்கள். நான் கொப்பியை மூடிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

ஜதுர்சனின் மனைவி நிலாந்தினி வெளியே வேப்பமரத்தடியில் வெறும் தண்ணீர்க் கானோடு நின்றிருக்கிறாள். நான் வெளியே வந்ததும் கிட்ட வந்தாள். "ரீச்சர், நீங்கள் வாசிச்சது எனக்குக் கேட்டது. அது காணும்" என்றாள். காணாது, வாசித்தது மட்டும் போதாது என்றேன். என் வீட்டுக்குத் தந்த கிணற்றுத் திறப்பை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "உங்கடை திறப்பிலை அள்ளினா அது உங்கடை தண்ணி. என்ரை மாமா சேறு அள்ளின கிணறு ரீச்சர் அது" என்றாள். திறப்பைத் திரும்பச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். அடுத்த நாள் அவர்களின் மகள் தாரிகா பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் போத்திலைத் திறந்தபோது ஒரு பிள்ளை, உங்களுக்குத் தண்ணி இல்லையெண்டு சட்டம்பியார் சொன்னவர் என்றதாம். ஏழு வயதுப் பிள்ளைகள். தாரிகா போத்திலை மூடி வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் விடும்வரை ஒன்றும் குடிக்கவில்லை. வியாழக்கிழமை அவர்கள் சாமான்களை லாண்ட்மாஸ்ரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த தீவில், சரவணையில் ஜதுர்சனின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் இனி அங்கிருந்து பஸ்ஸில்தான் வேலைக்கு வந்து போக வேண்டும். நான் திறப்பைக் கொண்டுபோய்க் கனகசபையர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். தண்ணீர்ப் பவுசர் வரும் நாளில் பிடித்து வைக்கிறேன், அதைத்தான் குடிக்கிறேன். நாலு வீட்டுக்காரர் என்னோடு கதைப்பதில்லை. அது எனக்கு நட்டமில்லை.

அவர்கள் போன அன்று பின்னேரமே உனக்கு போன் எடுத்துச் சொன்னேன். நான் அழுதது உனக்குக் கேட்டிருக்கும். நீ சொன்னாய், "அம்மா, அது தகவல் குறைஞ்சதாலை வந்த பிழை. கொப்பியைப் படம் எடுத்து அனுப்புங்கோ, பத்து நிமிசத்திலை திருத்திவிடுறன்." நான் போனை வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று நீ மூன்றுமுறை செய்தி போட்டுக் கேட்டிருக்கிறாய், இதுதான் பதில். அனுப்ப மாட்டேன். ஒரு பக்கம்கூட அனுப்ப மாட்டேன். அனுப்பினால் உன் மிசின் நாளைக்கே வருந்துகிறேன் என்று சொல்லும், அழகான தமிழில் சொல்லும், கனகசபையர் வேறுமாதிரிக் கேட்டால் வேறுமாதிரியும் சொல்லும். சட்டம்பியாருக்கு அதைச் சொல்லப் பதினொரு வருடம் எடுத்தது. இடையில் ஒரு பிள்ளை செத்தது. அவர் எப்படி யோசித்தார் என்று கண்டுபிடித்துவிட்டேன் என்று திருவிழாவில் சொன்னாயே, யோசித்ததை நினைத்து அவருக்கு நித்திரை வராமல் போனதை எங்கே கண்டுபிடித்தாய்? நீ எடுத்தது அவர் வாதத்தில் வெல்லும் சாமர்த்தியத்தை மட்டும்தான். அந்தச் சாமர்த்தியத்தால்தான் அவர் வெட்கப்பட்டார்.

அது புத்தகத்தில் உள்ளதுதான், நான் ஒன்றும் சேர்க்கவில்லை என்று நீ சொல்வாய். நீ சேர்க்கவில்லை, விட்டாய். நான் சொல்லியும் விட்டாய். உன்னை வளர்த்தவள் என்பதால் உன்மேல் எனக்குக் கோபம், உன்னோடு சேர்ந்து செய்தவள் என்பதால் என்மேலும் கோபம். ஆகவே இரண்டு காரியம் சொல்கிறேன். முதலில் அதை நிற்பாட்டு. திருத்தவேண்டாம், மெருகூட்ட வேண்டாம், அவருடைய பெயரில் அது இனி ஒரு வார்த்தை பேசக்கூடாது. நிற்பாட்டியதை ஊருக்கு நீயே திரையில் வந்து சொல், காட்டியபோது வந்த அதே மாதிரி. அடுத்தது, மார்கழி லீவுக்கு ரிக்கெற் போட்டுவிட்டதாக மருமகள் சொன்னாள். வந்து இறங்கியவுடன் கொப்பியை என் முன்னால் இருந்து உன் கண்ணால் வாசி, எழுத்து விளங்காவிட்டால் நான் சொல்லித் தருகிறேன். வாசித்த பிறகு சரவணைக்குப் போ. நான் கூட வரமாட்டேன். தனியப் போய் நிலாந்தினியிடமும் அந்தப் பிள்ளையிடமும் இது என் வேலை என்று சொல். அவர்கள் மன்னித்தாலும் சரி, வாசலில் நிற்க வைத்து அனுப்பினாலும் சரி, கேட்டுக்கொண்டு வா.

குழந்தைக்குப் பல் முளைத்த படம் பார்த்தேன், கொள்ளை வடிவு, உன் அப்பாவின் சிரிப்பு. மருமகளை வேலை வேலை என்று உடம்பைக் கெடுக்க வேண்டாம் என்று சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாள் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். உனக்கு வெட்கப்படும் புத்தியையும் சேர்த்துத் தரட்டும். இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் இன்றைக்கு என்னிடம் இல்லை.

மறக்காமல் ஒன்று. வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் எல்லாரும் கடையில் வாங்கிய தண்ணீரைக் கையோடு கொண்டு திரிகிறார்கள், நீயும் போனமுறை அப்படித்தான். சரவணைக்குப் போகும் அன்றைக்கு அதை வீட்டில் வைத்துவிட்டுப் போ. நிலாந்தினி ஒரு செம்பில் தண்ணீர் தந்தால் இரண்டு கையாலும் வாங்கி, முழுவதையும் குடி.

இப்படிக்கு,
இன்னமும் உன் அம்மா,
மீனாம்பிகை