இரண்டு மாதம் வந்த இன்ஹேலர்

த்ரோயான்,
ஏப்ரல் 8

அன்பு மகள் ராலித்சாவுக்கு,

நீ அங்கே சிரமமில்லாமல் மூச்சு விடுகிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. நேற்று உன் அம்மாவுக்கு நாற்பதாம் நாள், கோதுமை அவித்துச் சர்க்கரை தூவிக் கல்லறையில் எல்லோருக்கும் கொடுத்தோம், கொஞ்சம் குழைந்துவிட்டது, அவள் இருந்தால் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாள். வந்தால் அங்கே திரும்பிப் போக விசா கிடைக்காது என்று நீ வராததை யாரும் குறை சொல்லவில்லை.

மருந்துக்கடை வெனேத்தாவும் வந்திருந்தாள். ஆஸ்துமா மருந்தின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, அதை உறிஞ்சும் கருவியின் காப்புரிமைதான் பாக்கி, அதுவும் வசந்தத்தில் முடிந்தால் மற்ற கம்பெனிகளும் மலிவாகச் செய்யும் என்று போன வருடம் சொன்னவள் அவள்தான். சொன்னபடியே மலிவானது வந்துவிட்டது. கைப்பையிலிருந்து புது இன்ஹேலர் ஒன்றை எடுத்து, "ஸ்தாங்கா அக்காதான் முதல்ல பேர் குடுத்து வச்சாங்க, இத நான் வேற யாருக்குக் குடுப்பேன்" என்று அழுதாள். நான் அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, கடைசி வருடம் உன் அம்மாவுக்கு ஆஸ்துமா குறைந்துதான் இருந்தது, ஒரு இன்ஹேலர் இரண்டு மாதம் வந்ததே என்றேன். வெனேத்தா அழுகையை நிறுத்தினாள். "அது தினம் ரெண்டு வேளைன்னு முப்பது நாள் மருந்துண்ணே, அக்கா ஒரு வேளைய விட்டிருக்காங்க" என்றாள். விலைக்குப் பயந்து, வசந்தம் வரை தாங்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். நான் மடையன், என் பெண்டாட்டி தேறிவிட்டாள் என்று பக்கத்து வீட்டு பெட்கோவுக்கு ப்ளம் சாராயம் ஊற்றிப் பெருமையடித்தேன். இரவில் அவள் இருமினால் அடுப்புப் புகை என்பாள், நானும் எழுந்து புகைபோக்கியைத் துடைப்பேன். வருடம் முழுக்க அந்தப் புகைபோக்கியைத்தான் துடைத்திருக்கிறேன் மகளே, என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் போன கடிதத்தை எடுத்துப் படித்தேன். அம்மாவின் நெஞ்சுதான் உனக்கும். இப்போது உடம்பு தேறிவிட்டது, ஒரு இன்ஹேலர் இரண்டு மாதம் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். முதல் தடவை படித்தபோது சந்தோஷப்பட்டேன்.

வெனேத்தா கொடுத்ததை இத்துடன் அனுப்புகிறேன். உனக்கும் இதே மருந்துதான், இருந்தாலும் உன் டாக்டரிடம் காட்டிவிட்டுக் காலையும் மாலையும் தவறாமல் இழு. தீருமுன் சொல், அடுத்தது அனுப்புவேன். அம்மாவின் ஆசி உன்னைக் காக்கும். ஞாயிறுதோறும் போன் செய், இன்ஹேலரின் சின்னக் கண்ணாடியில் மீதி எத்தனை வேளை என்று தெரியும் எண்ணைப் படித்துச் சொல். வாரத்துக்குப் பதினான்கு குறைய வேண்டும், இனி நான் எண்ணுவேன்.

உன் அப்பா,
யொர்தான்