தெருமுனை விசில்

தண்டையார்பேட்டை,
மாசி, 1931.

அன்புள்ள மாமாவுக்கு,

புஷ்பவல்லி எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சித்திரையில் ரங்கூனில் கப்பல் ஏறுவதாக நீங்கள் எழுதியதை நம் மகள் கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தெருமுனையில் விசில் அடிப்பேன், ஓடி வரட்டும் என்ற வரியை மட்டும் மறுபடியும் கேட்டாள்.

பொங்கலுக்கு முன் அவளுக்குத் தொண்டை வலி, காய்ச்சல். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். போய்விட்டது. அதனால் எழுதவில்லை. பிறகு முழங்கால் வீங்கியது. அது வடிவதற்குள் கணுக்கால். அப்புறம் மணிக்கட்டு.

எதிர்வீட்டுக் கெங்கம்மா அக்கா சிரித்தாள். "இன்னாடி, நேத்து முட்டின்னே, இன்னிக்கு மணிக்கட்டுன்றே. நாளைக்கு மூக்கா? இஸ்கோலுக்கு டிமிக்கி குடுக்கறியா?"

"மூக்குல முட்டி கீதா, அக்கா?" என்று கேட்டாள் உங்கள் மகள்.

அக்கா விளையாட்டாக மணிக்கட்டைப் பிடித்தாள். உடனே விட்டுவிட்டாள். அவ்வளவு சூடு. எட்டு வயதுப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் அவளே நடந்தாள். நான் பின்னால்.

டாக்டர் சொன்னது: தொண்டையில் வந்த நோயின் தொடர்ச்சிதான் இது. மூட்டுகள் சரியாகிவிடும். இதயத்தையும் தொட்டிருக்கிறது. பல மாதம் படுக்கை. ஓடவே கூடாது.

மூட்டுகள் சரியாகிவிட்டன. வலி இல்லை. அதுதான் எனக்குப் பயம். வலித்தால் படுத்திருப்பாள்.

நேற்று வண்டிக்காரன் ஒருவன் முனையில் விசில் அடித்தான். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் அவள் வாசலில் நின்றாள். "நைனா இல்ல" என்றாள். மார்பில் கை வைத்துப் பார்த்தேன். என் உள்ளங்கைக்குள் அது நெடுநேரம் அடங்கவில்லை.

ஒன்று உங்களுக்குத் தெரியாது. அந்த விசிலுக்கு நானும் ஓடி வருவேன். அவள் முந்திக்கொள்வாள். நீங்கள் அவளைத் தூக்கும்போது நான் கதவுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன். இரண்டு வருடமாகக் கதவு சும்மா இருக்கிறது.

மாமா, இந்த முறை விசில் அடிக்காதீர்கள். முனையில் நிற்க வேண்டாம். சத்தமில்லாமல் நடந்து வாருங்கள். அவள் பாய் வரைக்கும் வந்து, உட்கார்ந்து, அப்புறம் பேர் சொல்லுங்கள்.

அவள் தூங்கிய பிறகு ஒரே ஒரு தடவை. மெதுவாக. எனக்குக் கேட்டால் போதும்.

நான் ஓட மாட்டேன்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவரட்டும்.

உங்கள்
புஷ்பவல்லி