எஞ்சினுக்குக் கீழே ஒரு மஞ்சள் தகடு

டிசம்பர் 9

அண்ணன் ரமிரோ இன்று காலை மாத்தேக் கசாயத்தை ஒரு உறிஞ்சு உறிஞ்சினான். முகம் கோணவில்லை. "உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்து முடித்தான். எட்டு வருடமாக அண்ணன் குடிக்கிற கசாயத்தில் உப்புப் போட்டு வருகிறேன், இப்படி ஓர் அவமானம் நடந்ததில்லை. தொழிலை மாற்ற வேண்டும்.

அவன் மனசு இங்கே இல்லை, அதுதான் காரணம். ஜனவரி நாலாம் தேதி நாட்டின் தென்கோடியில் இருக்கிற ஊஷுவாயாவுக்குக் கிளம்புகிறோம். அவன் பைக், பின்சீட்டில் நான். பதினாறு வருடமாக இந்த டயர் கடையில் உட்கார்ந்து தெற்கே போகிற அத்தனை பேருக்கும் காற்றடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவையாவது அந்தக் காற்று போன திசைக்கு நானும் போக வேண்டாமா?

சிக்கல் பைக்கின் வயிற்றில். எஞ்சினுக்கு அடியில் ஆயில் சட்டி வெறும் உடம்போடு தொங்குகிறது. போன மார்ச்சில் முன்சக்கரம் எற்றிவிட்ட ஒரு கல் அதில் முட்டை அளவு பள்ளம் போட்டுவிட்டது. இன்னொரு கல் அதே இடத்தில் பட்டால் ஓட்டைதான். ஆயில் ஒழுகிப்போனால் எஞ்சின் இறுகிவிடும், நடுக்காட்டில் நானும் அவனும் குவானாக்கோ என்கிற காட்டு மிருகங்களோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

"அடியில தகடு போடாம உன்னை ஏத்திக்கிட்டுப் போக மாட்டேன்" என்கிறான். தகடு தலைநகரிலிருந்து வர ஜனவரி கடைசி ஆகுமாம். வண்டிக்குக் கல்லடி, எனக்குச் சொல்லடி.

ஆக, எஞ்சினுக்கு ஒரு கோமணம் தேவை. அவசரம்.

டிசம்பர் 11

எங்கள் ஊர் லகுனா செக்காவில் காற்று வாரத்துக்கு ஒரு சாலைப் பலகையைப் பிடுங்கிப் போடும். விழுந்தது கண்டெடுத்தவருக்கு. நிற்பதை யாரும் தொட மாட்டார்கள். எழுதி வைக்காத சட்டம். பாதிரியாரின் கோழிக்கூட்டுக் கதவே 'மணிக்கு அறுபது' பலகைதான். கோழிகள் மதிப்பதில்லை.

ஊருக்குத் தெற்கே பதினோரு கிலோமீட்டரில், ஒரு சின்ன மேட்டுக்கு அப்பால், தார் முடிந்து சரளை ஆரம்பிக்கிறது. மேட்டுக்கு இந்தப் பக்கம் அதைச் சொல்லும் மஞ்சள் பலகை. நல்ல அலுமினியம், மூன்று மில்லி. இன்று சைக்கிளில் போனபோது அது ஒரே ஒரு போல்ட்டில் தொங்கிக்கொண்டு டகடகவென்று ஆடிக்கொண்டிருந்தது.

இது நிற்கிற பலகையா, விழுந்த பலகையா?

விழுந்துகொண்டிருக்கிற பலகை என்று தீர்ப்பு எழுதினேன். காற்று நாளைக்குச் செய்யப் போவதை நான் ஸ்பானரால் இன்றைக்கே செய்தேன். நாலு சுற்று, போல்ட் கழன்றுவிட்டது. பலகையைக் கட்டிக்கொண்டு வருகிற வழியில் காற்று அதைப் பாய்மரம் என்று நினைத்து இரண்டு தடவை என்னையும் சைக்கிளையும் பள்ளத்தில் இறக்கியது.

"எங்கே கெடந்துச்சு?" என்று ரமிரோ கேட்டான்.

"பாலத்துக்கிட்ட. ஆடு படம் போட்டது."

படத்தை முன்னாலேயே கம்பி பிரஷால் சுரண்டிவிட்டேன். திருடவில்லை என்றால் எதற்குச் சுரண்டினேன்? தெரியவில்லை. தூக்கம் வருகிறது.

டிசம்பர் 13

நாள் முழுக்கத் தகடு வேலை. அலுமினியத்தை அப்படியே மடக்கினால் மடிப்பில் விரிசல் விடும். அதனால் மடிக்கிற கோட்டில் துணி சோப்பைத் தேய்த்து நெருப்பு காட்ட வேண்டும். சோப்பு கறுத்தால் போதும், உலோகம் இளகிவிட்டது. அதற்கு மேல் காட்டினால் தகடு உருகி ஊற்றிவிடும். ரமிரோ நெருப்பைப் பிடிக்க, நான் சோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ சோப்பை இவ்வளவு நேரம் பாக்குறது இதுதான் மொத தடவை" என்றான்.

தகட்டை எஞ்சினில் முடுக்கவில்லை, வண்டியின் சட்டத்தில் முடுக்கினோம். கல் அடிக்கிற அடி எஞ்சினுக்குப் போகக் கூடாது. ஆயில் சட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. ஆயில் மாற்றுகிற திருகுக்கு நேராக ஒரு துளை. சத்தம் போடாமல் இருக்கப் பழைய ட்யூப் ரப்பரை வெட்டி இடையில் வைத்தோம். மஞ்சள் பக்கம் உள்ளே, எஞ்சினைப் பார்த்தபடி.

"நல்ல பொண்ணா ஆயிட்டியா நீ? பயமா இருக்குடி" என்றான்.

டிசம்பர் 14

சரளையில் ஓட்டிப் பார்த்தோம். காலுக்குக் கீழே டங், டங், டங். ஒவ்வொரு டங்கும் ஊஷுவாயாவுக்கு ஒரு படி.

டிசம்பர் 19

மதியம் கம்பளி லாரிக்காரர் பந்தோஹா கடை வாசலில் வந்து நின்றார். மேலே கம்பளி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெரிய பைக். முன்சீட்டில் ஒரு பெண்மணி, முகம் சுண்ணாம்பு மாதிரி, இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்தபடி.

தார் முடிகிற இடத்தில் விழுந்துவிட்டார். நூறில் வந்தவர் சரளையில் இறங்கியதும் வண்டி மீன் மாதிரி வாலாட்டியிருக்கிறது.

நர்ஸ் பார்த்துவிட்டுக் கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக் கட்டுப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பெயர் நெலிதா. உருகுவேக்காரர். முப்பது வருடம் கணக்கு டீச்சர், போன மாதம் ஓய்வு பெற்றவர். அம்மா ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர்களுக்குச் சமைக்கப் போயிருப்பதால் அவள் அறை காலி. அங்கேதான் படுத்திருக்கிறார்.

அவர் வண்டிக்கு அடியில் நல்ல தடிமனான தகடு. கையளவு கல் அடித்த தழும்பு அதில் இருக்கிறது. எஞ்சினில் ஒரு கீறல்கூட இல்லை.

எஞ்சினுக்குத் தகடு இருந்தது. அவருக்கு இருந்திருக்க வேண்டியது எங்கள் பைக்குக்கு அடியில் இருக்கிறது.

டிசம்பர் 20

விடிந்ததும் ஒரு லாரி டயருக்கு வெள்ளையடித்து, பந்தோஹாவின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் பலகை இருந்த கம்பத்தில் எச்சரிக்கைக்காகச் சங்கிலி போட்டுக் கட்டினேன். எதற்கு என்று அவர் கேட்டார். பள்ளிக்கூட வேலை என்றேன். லீவு விட்டு ஒரு வாரமாகிறது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, நம்பிவிட்டார்.

டிசம்பர் 24

டீச்சருக்கு ஒற்றைக் கையால் ஆட்டுக்கறியை வெட்ட முடியவில்லை. நான் வெட்டிக் கொடுத்தேன்.

"போர்டு இருந்திருக்கும்" என்றார் திடீரென்று. "தார் முடியுற எடத்துல எப்பவும் ஒண்ணு இருக்கும். நான் பாக்கல."

"வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்" என்றான் ரமிரோ.

"வெயில் முதுகுப்பக்கம் இருந்துச்சுப்பா. என் பையன் மூணு வருஷமா சொல்றான், அம்மா உனக்குக் கண்ணு போச்சு, வண்டிய வித்துடுன்னு. அவன்கிட்ட சண்டை போட்டுட்டு வந்தேன். இப்ப அவன் சொன்னதுதான் சரி. போர்டே தெரியாதவ ரோட்டுல இருந்தா அடுத்தவங்களுக்கு ஆபத்து."

வண்டியை விற்கப் போகிறார். கிரெகோரெஸ் ஊரிலிருந்து ஒருவர் மூணாம் தேதி பார்க்க வருகிறாராம்.

என் தட்டுக் கறியை ரமிரோவின் தட்டில் தள்ளினேன். அவர் நன்றாகத்தான் சாப்பிட்டார்.

டிசம்பர் 27

வெள்ளை டயர் வேலை செய்கிறது, ஆனால் கோணலாக. சாலையோரம் டயர் இருந்தால் பக்கத்தில் டயர் கடை என்று அர்த்தம். அதனால் எல்லோரும் வேகத்தைக் குறைத்துக் கடையைத் தேடுகிறார்களாம். இன்று பந்தோஹா ரமிரோவைப் பார்த்து, "என்னப்பா, தெற்கே கிளை தொறந்துட்டியா? ஒரு ஜெர்மன்காரன் அரை மணி நேரமா கதவைத் தேடிக்கிட்டு இருந்தான்" என்றார். டயரைக் கொண்டுபோனதே இவர்தான். அதை மறந்துவிட்டுச் சொல்கிறார்.

ரமிரோ சிரித்தான். நானும். என் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

சொன்னால் பின்சீட் போச்சு. ரமிரோவை எனக்குத் தெரியும். விளையாட்டுப் பொய்யை மன்னிப்பான், பாலத்துப் பொய்யை மன்னிக்க மாட்டான். சொல்லாவிட்டால் டீச்சருக்கு வண்டி போச்சு. அதுவும் இல்லாத குருட்டுத்தனத்துக்காக.

டிசம்பர் 28

சொல்லிவிட்டேன். காலையிலேயே, அவன் கை கழுவிக்கொண்டிருந்தபோது. "அந்தத் தகடு பாலத்துல கெடந்தது இல்ல. தார் முடியுற போர்டு. நான்தான் கழட்டினேன். டீச்சர் விழுந்தது என்னாலதான்."

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். அப்புறம் ஈரக்கையால் என் மண்டையில் ஒரு தட்டு தட்டினான்.

"போன வருஷம் அம்மா செத்துட்டான்னு ஃபோன் பண்ணினவ நீ. இந்த வருஷம் இதுதானா? தேறவே மாட்டேங்கிறியே."

டிசம்பர் இருபத்தெட்டு! நாடு முழுக்க ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றுகிற நாள். வருஷத்தில் முந்நூற்றுச் சொச்ச நாள் இருக்க, உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்தது இதுதான்.

"நெசமாத்தான்" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் உடம்புக்குள் ஏதோ இளகியது. அப்பாடா என்று இருந்தது. சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு. நானும் சிரித்தேன்.

இதை எழுதும்போது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

டிசம்பர் 29

டீச்சர் சுவரிலிருக்கும் காலண்டரை எட்ட நின்று ஒற்றைக் கண்ணால் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைச் சோதித்துக்கொள்கிறார்.

டிசம்பர் 30

ரமிரோ டீசல் வாங்கப் போன நேரத்தில் பைக்கைச் சாய்த்து வைத்துத் தகட்டைக் கழற்றினேன். ஆறு போல்ட். உள்பக்கம் இன்னும் பளிச்சென்ற மஞ்சள். சேறு படாததால் என் பிரஷ் தழும்புகூடத் தெரிந்தது. அதைக் கொண்டுபோய் டீச்சர் மடியில் வைத்தேன்.

"இதுதான் அந்த போர்டு. நீங்க வரும்போது அங்க இல்ல. எட்டு நாள் முன்னாலேயே நான் கழட்டிட்டேன். உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல டீச்சர்."

அவர் தகட்டை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். சுரண்டிய இடத்தில் விரலை ஓட்டி, முடிந்துபோகிற அந்தச் சாலையின் விளிம்பைக் கண்டுபிடித்தார்.

"மொத்தம் எத்தனை நாளா இல்ல?"

"பத்தொம்போது. டயர் கட்டினது ஒம்போதாம் நாள்."

"ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகும்?"

"இந்த சீசன்ல நாப்பது, அம்பது."

கணக்கு டீச்சர். மனசுக்குள் பெருக்குவது தெரிந்தது. நானும் பெருக்கினேன். டயர் கட்டும்வரை ஒன்பது நாளில் முந்நூற்று அறுபதிலிருந்து நானூற்றைம்பது வண்டி.

"இன்னைக்கு என்கிட்ட பேசாதே" என்றார். குரல் உயரவில்லை. "நாளைக்குப் பேசலாம். இன்னைக்கு வேண்டாம்."

வாசலில் ரமிரோ நின்றுகொண்டிருந்தான், டீசல் கேனோடு. எப்போது வந்தான் என்று தெரியாது. கேனைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு சொன்னது நெசமா?"

"ம்."

"நான் சிரிச்சப்ப நீயும் சிரிச்சியே."

போர்டைக் கழற்றியதற்குக்கூட ஏதாவது சொல்லியிருப்பேன். சிரித்ததற்கு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 31

ரமிரோவும் நானும் சாலை ஆட்கள் தங்கியிருக்கும் கூடாரத்துக்குப் போய்ச் சொன்னோம். மேஸ்திரி ஒரு தாளில் என் பெயரை எழுதிக்கொண்டார். புதுப் பலகை வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் இரண்டு பீப்பாய் கொடுத்தார். கல்லை நிரப்பி மேட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டும், தினமும் போய் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். யார்? நான்.

வழியில் ரமிரோ ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினான்: "அந்தத் தகட்டைப் போட்டுக்கிட்டு நான் எங்கேயும் போக மாட்டேன்."

ஜனவரி 2

டீச்சர் பேசினார். என்னிடம் அல்ல, ரமிரோவிடம். "அதைக் கழட்டி மூலையில வெச்சா என் எலும்பு கூடிடுமா? கல்லு கல்லுதான். மாட்டிக்கிட்டுப் போ."

கிரெகோரெஸ்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மகனுக்கு ஃபோன் போட்டு, "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் வாய் நீளம்" என்று சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது.

ஜனவரி 4

அண்ணன் கிளம்பினான். பின்சீட்டில் கூடாரமும் இரண்டு டயரும். கையை ஆட்டினான். கொஞ்சமாக.

அழுதேனா? காற்றுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் ஊர் இது.

ஜனவரி 13

பீப்பாய்: ஒன்று சாய்ந்திருந்தது. நிமிர்த்தினேன். போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர் சைக்கிள்.

ஜனவரி 23

புதுப் பலகை நட்டாயிற்று. நாலு போல்ட். நானே ஒவ்வொன்றையும் முடுக்கிப் பார்த்தேன். மேஸ்திரி, "நீ தொடாதே தாயே" என்றார்.

ரமிரோ ஊஷுவாயாவிலிருந்து படம் அனுப்பியிருக்கிறான். தகட்டில் புதிதாக மூன்று பள்ளம். ஆயில் சட்டிக்கு ஒன்றுமில்லை. கீழே ஒரு வரி: "அடுத்த வருஷம் பார்க்கலாம்." பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 6

நர்ஸ் கையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, போகலாம் என்றார். டீச்சர் பையைக் கட்டினார். சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன், காற்றடித்தேன், அவர் தகட்டின் போல்ட்டுகளை முடுக்கினேன்.

"ஏறு. சரளை வரைக்கும் வா. வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

ஏறினேன். திறக்கவில்லை. மேடு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்தார். பலகையைத் தாண்டியதும் சரளை, காலுக்குக் கீழே டங், டங். இடுப்பை நசுக்காதே என்று அதட்டினார். நாலு கிலோமீட்டர் போய், ஆளும் வீடும் இல்லாத இடத்தில் நிறுத்தினார்.

"பின்டயர் ஏதோ அலையுது. எறங்கிப் பாரு."

இறங்கிக் குனிந்து பார்த்தேன். டயரில் ஒன்றுமில்லை. நிமிர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை, அந்த எலும்பு முறிந்த பக்கத்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டே தெற்கே போனார். புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றேன்.

மேடு வரை நாலு கிலோமீட்டர், அங்கிருந்து ஊர் பதினொன்று. எதிர்க்காற்று. நடந்தே வந்தேன்.